பட்டியலில் அருளப்பு அண்ணையின் இடம்

1

போன மாதம் நியூ ஜேர்சியிலிருந்து ரவி கூப்பிட்டான். என் சித்தப்பாவின் மகன். கிழமை நாட்களில் கணினி வேலை, சனி ஞாயிறில் புரட்சி. எங்கள் குடும்பத்தில் இது ஒரு தொற்று வருத்தம். எனக்கு அவனுடைய அப்பாவிடமிருந்து தொற்றியது, அவனுக்கு என்னிடமிருந்து.

அமெரிக்காவில் எல்லாருக்கும் வைத்தியக் காப்புறுதி கொடுக்க வேண்டும் என்று அமளி நடப்பது உங்களுக்கும் செய்திகளில் தெரிந்திருக்கும். வலதுசாரிகள் கத்துவது ஒருபக்கம் இருக்க, இடதுசாரிகள் தங்களுக்குள்ளேயே அடிபடுகிறார்கள். காப்புறுதிக் கம்பனிகளை முழுதாக வெளியே விட்டு, அரசாங்கம் ஒன்றே எல்லாருடைய வைத்தியச் செலவையும் கட்ட வேண்டும் என்கிறது ஒரு பகுதி. அது இந்த ஜென்மத்தில் நடவாது, கம்பனிகளுக்குப் பக்கத்தில் அரசாங்கக் காப்புறுதி ஒன்றும் கிடைத்தால் போதும் என்கிறது மற்றப் பகுதி. ரவி முதல் பகுதி. அவனுக்கு இரண்டாம் பகுதியோடு கதைபேச்சே இல்லை.

"அக்கா, உங்கட மொன்றியல் சிவபாலன் போன கிழமை இங்க வந்து கூட்டத்தில கதைச்சவர்," என்றான். "கனடாவில அரசாங்கப் பட்டியலில காத்திருந்து காத்திருந்தே உங்கட தோழர் ஒராள் செத்தவராம். பேர் அருளப்புவாம். அதுக்குப் பிறகு எங்கட பக்கம் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. உண்மையோ?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பொய்யெண்டால் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. நோட்டீசில போடுவம். நீங்கள் அதே கட்டடத்தில இருந்தனீங்களெல்லே?"

"பேந்து எடுக்கிறன் ரவி, அடுப்பில கறி இருக்கு," என்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. மூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு நான் யாருக்கும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை.

இந்த வருடம், ஊரில் போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு, ஒரு மனிதனின் மாரடைப்பைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் கூச்சமாகவும் இருக்கிறது. எண்ண முடியாத சாவுகளைக் கேட்டுக் களைத்துப்போய் இருக்கிறோம். ஆனால் இந்த ஒரு சாவில் என் கை இருக்கிறது. எழுதலாமா என்று கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

நான் இப்போது மொன்றியலின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறேன். அங்கே ஒரு கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடத்தில், சமையல் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு நகருக்குள், பார்க் எக்ஸ்ரென்ஷனில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் கீழ்த்தளத்தில் இருந்தேன். நானும் மகள் நிலாவும். மூன்றாம் மாடியில் அருளப்பு அண்ணையும் அவர் மனைவி ஸ்ரெல்லா அக்காவும்.

அருளப்பு அண்ணை மன்னார் ஆள். தலைமன்னார் வரை ரயில் ஓடிய காலத்தில் புகையிரதப் பகுதியில் வேலை, தொழிற்சங்கம், மூன்று வேலைநிறுத்தம். இங்கே வந்து ஒரு துணிக் களஞ்சியத்தில் பெட்டி கட்டினார். ஞாயிறு காலை பூசைக்குப் போவார், பின்னேரம் அதே கோவிலின் நிலவறையில் எங்கள் இடதுசாரி வட்டத்தின் கூட்டத்தை நடத்துவார். பாதரிடம் எப்படி அனுமதி வாங்கினார் என்று கேட்டால், "ஏழையளைப் பற்றிக் கதைக்கப் போறம் எண்டு சொன்னனான். பொய்யோ?" என்பார்.

வட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒன்பது பேர். ஒன்பது பேருக்குள் நாலு கட்சி. நான் ஒருத்திதான் பெண், ஆகவே கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு. ஊரில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவள் வடிவாக எழுதுவாள் என்று சொல்லித் தந்தார்கள். தேத்தண்ணி போடும் வேலையையும் அதே காரணத்துக்காகவா தந்தீர்கள் என்று கேட்டேன். அதன் பிறகு தேத்தண்ணியை அருளப்பு அண்ணை போட்டார்.

நான் சொல்லப்போகும் கூட்டத்துக்கு முந்திய வருடம் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் எங்கள் மாகாணமான கியூபெக்கைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அரசாங்க வைத்தியத்தில் ஆட்களை நெடுங்காலம் காக்க வைத்துக்கொண்டு, தனியார் காப்புறுதி வாங்காதே என்று தடுக்கவும் கூடாது என்பது அதன் சாரம். மாகாண அரசாங்கம் கதவைக் கொஞ்சம் திறக்கலாமா என்று யோசித்தது. எங்கள் வட்டம் ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் நிலைப்பாட்டுக்காக அரசாங்கம் காத்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இலவச வைத்தியம் என்பது ஊரில் இருக்கும் உங்களுக்குப் புதிதில்லை. எங்களுக்கும் அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. இங்கே புதிதாக இருந்தது, காசுள்ளவனுக்கென்று இரண்டாவது கதவு இல்லாதது. எல்லாருக்கும் சூரியன் படம் போட்ட ஒரே வைத்தியக் காட். அதைக் காட்டினால் பெட்டி கட்டுகிறவனுக்கும் பெரிய வீட்டுக்காரனுக்கும் ஒரே வரிசை. கூட்டத்தில் அருளப்பு அண்ணை இதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"காலமை பெரியாஸ்பத்திரியில எங்கட முகத்தையே பாராத டொக்டர், பின்னேரம் காசு கட்டிச் சனல் பண்ணிப் போனால் எழும்பி நிண்டு கதைப்பார். அதே டொக்டர், அதே வருத்தம். காசுதான் வித்தியாசம். அதுக்குப் பயந்துதானே நாங்கள் சங்கம் கட்டினது? இங்கயும் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேக்கிறியளோ?"

சிவபாலன் எழும்பினார். எங்களுக்குள் நிறையப் படித்தவர் அவர்தான். டாக்ஸி ஓடுகிறார். கோபக்காரர் இல்லை, ஆனால் அன்றைக்குக் குரலை உயர்த்தினார்.

"தோழர், நீங்கள் சொல்லுறது கொள்கை. என்ர மனுசி ஏழு மாசமாய் அஞ்சியோகிராமுக்குக் காத்திருக்கிறா. இராவில இருந்துகொண்டுதான் நித்திரை கொள்ளுறா. நான் டாக்ஸியை வித்தெண்டாலும் எங்கயாவது எடுப்பிக்கத் தயார், எடுக்க இடமில்லை. காசுள்ளவன் விலகிப்போனால் வரிசை குறையும்தானே? அதால ஏழைக்கும் நல்லதுதானே?"

"காசுள்ளவனோட டொக்டரும் விலகிப் போவான்," என்றார் அருளப்பு அண்ணை.

"அதுவரைக்கும் என்ர மனுசி?"

அருளப்பு அண்ணையின் நெஞ்சுக்கும் அதே பரிசோதனைக்குக் குடும்ப டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவரும் காத்திருப்பவர்தான். அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"என்ர முறை வந்தால் உங்கட மனுசிக்குத் தாறன்," என்றார். "சபையில வைச்சுச் சொல்லுறன். விமலா, எழுது."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு எழுதினேன். சிவபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே காப்புறுதி, அதுவும் அரசாங்கக் காப்புறுதி என்று தீர்மானம் நிறைவேறியது.

சிவபாலன் அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எடுத்தோம்.

3

அதற்கு மூன்று கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அருளப்பு அண்ணை என் கதவைத் தட்டினார். படி இறங்கி வந்ததிலேயே மூச்சு வாங்கியது. போன் மெஷினில் ஆஸ்பத்திரிக்காரர் பிரெஞ்சில் ஏதோ பதிந்திருக்கிறார்கள், வந்து கேள் என்றார்.

அந்தக் கட்டடத்தில் தமிழர் வீட்டுப் பிரெஞ்சுக் கடிதமெல்லாம் என்னிடம்தான் வரும். வந்த புதிதில் அரசாங்கம் நடத்திய வகுப்புக்கு ஒழுங்காகப் போனவள் நான். கரண்ட் பில், வாடகைக் கடிதம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் முறைப்பாடு, எல்லாம் வாசித்துச் சொல்லுவேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

மேலே போய்க் கேட்டேன். அடுத்த வியாழக்கிழமை காலை அஞ்சியோகிராம். வருவதை உறுதிப்படுத்தக் கூப்பிட வேண்டும். ஸ்ரெல்லா அக்கா வேலைக்குப் போயிருந்தா. அவவுக்குப் பாண் தொழிற்சாலையில் பின்னேர முறை.

"நல்ல செய்தி அண்ணை," என்றேன்.

"ஓம். சிவபாலன்ர மனுசிக்குக் குடுக்கச் சொல்லு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பகிடி விடவில்லை.

"சபையில சொன்னனான், பிள்ளை. நீதானே எழுதினனீ?"

கீழே இறங்கி வந்து என் வீட்டுப் போனிலிருந்து எடுத்தோம். நிலாவுக்கு அப்போது பதினைந்து வயது. மேசையில் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். முதலில் மெஷின், ஒன்றை அமத்து, மூன்றை அமத்து, பாட்டு, திரும்பவும் பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்தா. நல்ல பெண், அவவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த இடத்தை இன்ன பெயருடைய பெண்ணுக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவவுக்கு முதலில் விளங்கவில்லை. என் பிரெஞ்சு பிழையாக்கும் என்று மெதுவாகத் திருப்பிக் கேட்டா. பிறகு, முடியாது மடாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோவை, ஒருவர் விட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்றா. ரத்துச் செய்வதா என்றும் கேட்டா.

அதை அப்படியே அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

"அடுத்த ஆள் ஆர்?"

"தெரியாது அண்ணை. சொல்லமாட்டினம்."

"அடுத்த ஆள் சிவபாலன்ர மனுசியாய் இருந்தால்? இல்லாட்டியும் வரிசை ஒரு ஆள் முன்னுக்கு நகரும்தானே?"

"ரத்துச் செய்தால் நீங்கள் திரும்பவும் டொக்டரிட்டப் போய்ப் புதுக் கடிதம் எடுக்க வேணுமாம்."

"எடுப்பம். நான் கடைசியாய் இருக்கிறன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. மன்னார் ஆஸ்பத்திரியில் காலையில் நம்பர் துண்டு கொடுப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது பிந்தி வந்தால் முன்னுக்கு இருப்பவர் துண்டை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசி வாங்கில் போய்க் குந்தியிருப்பார். கடைசித் துண்டு முடியும்வரை டொக்டர் எழும்பமாட்டார். ஆகவே கடைசியாக இருப்பதால் ஒரு நேரச் சாப்பாடு பிந்தும், அவ்வளவுதான். அந்தக் கடைசி வேறு, இந்தக் கடைசி வேறு. இங்கே கடைசி வாங்குக்கு முடிவு தெரியாது. இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நிலா தலையை நிமிர்த்தி, பிரெஞ்சில் சொன்னாள். "அம்மா, இது பஸ் சீற் இல்லை எழும்பிக் குடுக்க. அவர் போகத்தான் வேணும்."

"பெரியாக்கள் கதைக்கேக்க வாயைப் பொத்திக்கொண்டிரு," என்றேன் தமிழில்.

அண்ணை என்னைப் பார்த்தபடி நின்றார். அந்த முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. தலைமன்னாரில் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று அப்படித்தான் இருந்திருப்பார். அதைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, உண்மையைச் சொன்னால், எனக்கே அது பிடித்திருந்தது. இந்த நாட்டில் பில் கட்டியும் பாத்திரம் கழுவியும் தேய்ந்துபோன எங்களுக்குள் ஒருவராவது சொன்ன சொல்லை நிறைவேற்றுகிறார் என்று இருந்தது.

"ஓம் மடாம், ரத்துச் செய்யுங்கோ," என்று பிரெஞ்சில் சொன்னேன். "மெர்சி," என்று நன்றியும் சொன்னேன்.

ஸ்ரெல்லாவுக்குச் சொல்லாதே, வீணாகப் பயப்படுவாள், புதுக் கடிதம் எடுத்த பிறகு நானே சொல்லுறன் என்றார். சரி என்றேன்.

4

புதுக் கடிதம் அவர் எடுக்கவில்லை. கோடை வந்தது, களஞ்சியத்தில் வேலை கூடியது, ஒரு நாள் லீவு எடுத்தால் ஒரு நாள் சம்பளம். ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்டேன், "வாற கிழமை, பிள்ளை" என்றார். ஓகஸ்ட் முடிகிற நேரம், வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடியே சரிந்தார்.

செத்தவீட்டில் சிவபாலன் குழறி அழுதார். பிறகு எழும்பிப் பேசினார். "ஒரே வரிசை எண்டு கடைசிவரை வாதாடின மனிசன். அந்த வரிசைதான் அவரைச் சாக்காட்டினது," என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருடைய மனைவி ஜூலையில் முறை வந்து, இரத்தக் குழாய்க்கு வலை போட்டுச் சுகமாகியிருந்தா. அது அவவின் சொந்த முறை. அருளப்பு அண்ணை விட்ட இடம் யாருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்ரெல்லா அக்கா எல்லாருடைய கையையும் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னா. "கூப்பிட்டிருந்தால் இருந்திருப்பார். ஒருக்காக் கூப்பிட்டிருந்தால் இருந்திருப்பார்."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில், தனியாருக்குக் கதவைத் திறக்கும் சட்டத்துக்கு எதிராக வட்டத்தின் துண்டுப்பிரசுரத்தை எழுதியது நான்தான். "எங்கள் தோழர் ஒருவரைக் கொன்றது வரிசையல்ல, ஆஸ்பத்திரிகளின் பணத்தை வெட்டிய அரசாங்கமே" என்று எழுதினேன். நல்ல வசனம் என்று பாராட்டினார்கள். இரண்டு பகுதியும் ஒரே பிரேதத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். அதில் உண்மை தெரிந்து இழுத்தவள் நான் ஒருத்திதான்.

வட்டம் அடுத்த வருடம் உடைந்தது. நான் ரொக்ஸ்பரோவுக்கு வந்தேன். நிலா இப்போது சேஜெப், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரி, முடிக்கப் போகிறாள். வீட்டில் பிரெஞ்சுதான். என் கூட்டங்களைப் பற்றிக் கேட்கமாட்டாள். ரவி கூப்பிட்ட அன்று அவளிடம், "அருளப்பு மாமாவுக்காகப் போன் எடுத்தது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம். நான் சொன்னனான்," என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் தமிழில் பேசிய ஒரு வசனம் அது.

5

இரண்டு நாள் கழித்து ரவியைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன். அவர்கள் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை, ரத்துச் செய்தது நான்.

"அக்கா, இதை எழுதேலாது," என்றான் ரவி.

"ஏன்?"

"ரெண்டு பக்கத்துக்கும் உதவாது. வரிசையால செத்தவர் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. இரக்கத்தால செத்தவர் எண்டு நோட்டீசில எப்பிடிப் போடுறது?"

அவனுக்கு வேறு கதை தேவைப்பட்டது. வேறு யாரிடமாவது கேட்கிறேன் என்று வைத்துவிட்டான். அவனில் எனக்குக் கோபமில்லை, அந்த வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நியூ ஜேர்சியில் இருக்கிறவனுக்குச் சொல்லியாயிற்று, மூன்று வருடமாகக் 'கூப்பிட்டிருந்தால்' என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஸ்ரெல்லா அக்காவுக்குச் சொல்லவில்லை.

6

அருளப்பு அண்ணையின் மூன்றாம் ஆண்டுப் பூசை சனிக்கிழமை. பூசை முடியக் கொடுப்பதற்குப் பட்டீஸ் செய்ய உதவிக்கு வாறன் என்று முதல் நாளே போனேன். ரயில், பிறகு மெற்றோ, பிறகு அந்த மூன்று மாடி. ஸ்ரெல்லா அக்கா மாவை உருட்டி வட்டமாக வெட்டித் தந்தா, நான் கறி வைத்து மடித்தேன்.

"ஒருக்காக் கூப்பிட்டிருந்தால்..." என்று அவ தொடங்கினா.

"கூப்பிட்டவை, அக்கா," என்றேன்.

சொல்லி முடித்தேன். கூட்டத்தில் கொடுத்த வாக்கு, போன் மெஷின், செவ்வாய்க்கிழமை, அடுத்த ஆள், புதுக் கடிதம், எல்லாம். அவ மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை.

"சிவபாலன்ர மனுசிக்கோ குடுத்தவர்?"

"ஓம்."

"அவவுக்குப் போச்சுதோ?"

"இல்லை, அக்கா. அவவின்ர முறை பேந்துதான் வந்தது. இது ஆருக்குப் போச்சுதெண்டு தெரியாது."

அவ ஒரு வட்டம் வெட்டினா. இன்னொன்று வெட்டினா.

"நீ அவருக்குச் சொல்லேல்லையோ, மாத்திக் குடுக்கேலாதெண்டு?"

"சொன்னனான். அந்த மடாம் சொன்னது எல்லாத்தையும் சொன்னனான். ஒரு சொல்லும் விடேல்லை."

ஸ்ரெல்லா அக்கா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தா.

"அவருக்குத்தானே பிரெஞ்சு தெரியாது, விமலா," என்றா. "நீ போனில 'வாறார்' எண்டு சொல்லிப்போட்டு, அவருக்குக் 'குடுத்தாச்சு அண்ணை' எண்டு சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். வியாழக்கிழமை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், வேறயேதோ டொக்டரெண்டு சொல்லி நான் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிருப்பன். பேந்து தெரிய வந்தால் ரெண்டு பேரோடயும் ஒரு மாசம் கதையாமல் இருந்திருப்பார். இருக்கட்டுமே."

என் கையில் மடித்த பட்டீஸ் பிரிந்து கறி வெளியே வந்துவிட்டது. அவ அதை வாங்கி, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டி, தட்டில் வைத்தா.

"ஒரு பொய். ஊரில எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பம்," என்றா. "நீங்கள் ரெண்டு பேரும் நேர்மையாய் நடந்தனீங்கள். நான்தான் தனிச்சுப்போனன்."